தரையில் இருந்தவர்கள்

அப்பாவை அடக்கம் செய்துவிட்டுக் கல்லறைத் தோட்டத்திலிருந்து வந்த கையோடு பெப்போ யூதர் வழக்கப்படி வீட்டுக் கண்ணாடிகளைத் துணிபோட்டு மூடிக்கொண்டே வந்தான். கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த படங்களை மூடப் போர்வையை விரித்தபோது தங்கை சரீனா குறுக்கே வந்து நின்றாள். துக்கத்துக்குக் கிழித்த கிழிசல் இருவர் சட்டையிலும் நெஞ்சோரம் தொங்கியது.

"துக்க வீட்டுல படத்து முகம் தெரியக்கூடாதுடி. பெரியவங்க வழக்கம்."

"எந்தப் பெரியவங்க அண்ணா? சுவத்துல இருக்கறவங்கதானே?"

அவன் போர்வையை மடக்கவில்லை.

அப்பா சலமோ கிரேக்க நாட்டுச் சலோனிகா துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். படத்தில் இருந்தவர்கள் அவரோடு சுமந்தவர்கள், அவர்களுடைய பெண்டு பிள்ளைகள், கல்யாணத்தன்று கண்ணை மூடிக்கொண்டு படத்தில் விழுந்த அத்தை. போர்க்காலத்தில் ஜெர்மன்காரர்கள் யூதத் தெருக்களையே ரயிலில் ஏற்றிக் கொண்டுபோய்ச் சாம்பலாக்கினார்கள். அந்தப் படங்களில் இருந்தவர்களில் திரும்பி வந்தவர் அப்பா ஒருவர்தான். மற்றவர்களுக்குக் குழியும் இல்லை, கல்லும் இல்லை. மூச்சு இழுத்துக்கொண்டிருந்தபோது சரீனாவிடம் அவர் கேட்டது ஒன்றுதான். அவங்களை மறுபடி இருட்டுல போட்டுடாதம்மா.

எதிர்வீட்டுக் கிரேக்கக் கிழவி எவ்தோகியா அவித்த முட்டையும் வட்ட ரொட்டியும் கொண்டுவந்தாள். அடக்கம் முடிந்த முதல் சாப்பாடு அடுத்தவர் அடுப்பில்தான் வேகவேண்டும் என்பது அவளுக்கும் பழக்கமாகிவிட்டது. பெப்போ கையிலிருந்த போர்வையையும் சுவரில் இருந்த படங்களையும் பார்த்தாள்.

"ஜெர்மன்காரன் இருந்த வரைக்கும் இவங்க என் மாவுத் தகரத்துக்குள்ளதான் கிடந்தாங்க. உங்கப்பன் முகாம்லேருந்து வெறும் எலும்பா வந்து நின்னான். சாப்பிடுறியாடான்னேன். தகரத்தைத் திறங்கிறான். நீ எப்படியிருக்கேன்னு ஒரு வார்த்தை கேக்கல, கழுதை."

பெப்போ போர்வையைக் கீழே வைத்தான்.

பிறகு அவன் படங்களை ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கினான். அலமாரிக்குள் வைத்துப் பூட்டப் போகிறான் என்று சரீனா நினைத்தாள். அப்பா முட்டைக்கூடை இறக்குவதுபோல முழங்காலை மடக்கி, சத்தமில்லாமல் இறக்கினான். போர்வையைத் தரையில் விரித்து, அதன்மேல் படங்களைச் சுவரோரம் சாய்த்து வைத்தான். துக்கம் காக்கும் வீட்டார் நாற்காலியில் உட்காரக்கூடாது, தரையில்தான் உட்காரவேண்டும். அவனும் வரிசையின் இந்தக் கோடியில் உட்கார்ந்து, சரீனாவுக்கு இடம் விட்டான். இருவரும் முட்டையை உரித்தார்கள்.

சாயங்காலப் பிரார்த்தனைக்கு முதலில் வந்தவர், போருக்குப் பிறகு அப்பாவுக்குக் கூட்டாளியான லியோன். குனிந்து பெப்போவின் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னார். சரீனாவுக்கும் சொன்னார். பிறகு ஓரடி நகர்ந்து, படத்தில் கண்ணை மூடியிருந்த அத்தையின் முன்னால் ஆறுதல் சொல்ல மறுபடியும் குனிந்தார்.