காற்சட்டைப் பசி

அன்று மடத்துவெளிக் கடற்கரையில் நின்றவர்கள் ஆறு பேர்: தியாகலிங்கம், கனடாவிலிருந்து வந்திருந்த மகன் சசிகரன், மருமகள் கோபிகா, கொழும்பிலிருந்து வந்த தங்கை அன்னபூரணம், குருக்கள், தோணிக்காரர் சில்வெஸ்ரர். வேறொருவரும் அங்கே இருக்கவில்லை.

தியாகலிங்கத்தின் மனைவி நாகபூசணி இறந்த முப்பத்தோராம் நாள் கிரியையான அந்தியேட்டி அது. முப்பத்தொரு நாளும் அவர் கண் கலங்கியதை எவரும் காணவில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்களைப் படலை வரை போய் நிமிர்ந்து நின்று வழியனுப்பினார். இருபது வருடம் கூட்டுறவுச் சங்கத்துக்குத் தலைவராக இருந்தவர்.

அந்த முதுகு தளர்ந்ததைக் கண்டவள் நாகபூசணி ஒருத்திதான். சில பின்னேரங்களில் அவர், அவள் சமைக்கிற குசினி வாசலில் வந்து நிற்பார்.

"இஞ்சாருங்கோ, காற்சட்டைப் பசியே?" என்று கேட்பாள்.

கவலையென்றால் என்னவென்று தெரியாமல் காற்சட்டையோடு திரிந்த வயதுக்கு மனம் ஏங்குவதற்கு அவள் வைத்த பெயர் அது. கேட்டதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிடும். இனி அப்படிக் கேட்க ஆளில்லை.

மகன் சாம்பலைக் கரைத்து, மூன்று முறை முழுகிக் கரையேறினான். வழக்கப்படி எல்லோரும் திரும்பிப் பாராமல் நடந்தார்கள். தியாகலிங்கம் நடக்கவில்லை. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, வேட்டியோடு கடலில் இறங்கி, கைகளை விரித்து மல்லாந்து மிதந்தார். அறுபது வருடத்துக்குப் பிறகு அவர் காதுக்குள் கடல் இரைந்தது.

சில்வெஸ்ரர் மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரர், திரும்பிப் பாராத கட்டு அவருக்கில்லை.

"ஐயோ, ஐயா மிதக்கிறார்!" என்று பாய்ந்து போய் இழுத்து வந்தார்.

"அவளோடையே போகப் பாத்தனீங்களோ அண்ணை?" என்று அன்னபூரணம் தலையில் அடித்தாள்.

"விடுங்கோ அக்கா, இந்த இடுப்பளவு தண்ணியிலை நண்டும் சாகாது" என்றார் சில்வெஸ்ரர். ஒருவரும் சிரிக்கவில்லை.

சசிகரன் ஈர வேட்டியோடு அவர் முன்னால் வந்து நின்றான். "அப்பா, என்னத்துக்கு இறங்கினனீங்கள்? சாகிறதுக்கில்லையெண்டால் காரணத்தைச் சொல்லுங்கோ. இல்லாட்டி வீட்டைப் பூட்டிப்போட்டு, உங்களைக் கொழும்பிலை மாமி வீட்டிலை விட்டிட்டுத்தான் நான் போவன்."

நாகபூசணி வைத்த அந்தச் சொல் நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் வீடு மிஞ்சும். ஆனால் மருமகளுக்கும் குருக்களுக்கும் முன்னால், மனைவியின் சாம்பல் கரைந்த தண்ணீரில் விளையாட ஆசை வந்ததென்று எப்படிச் சொல்வது? வேட்டியைப் பிழிந்துவிட்டு நிமிர்ந்தார்.

"கால் இடறினது."

கரையில் செருப்புகள் இரண்டும் ஒழுங்காகச் சோடி சேர்த்து வைக்கப்பட்டிருந்தன. எல்லோரும் அவற்றைப் பார்த்தார்கள்.

வெள்ளிக்கிழமை வீடு பூட்டப்பட்டது. அவரை ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் புறப்பட்ட வான், பாலத்தைக் கடந்தபோது அவர் கடல் பக்கம் பார்க்கவில்லை.

தியாகலிங்கம் சாகப் போனார் என்று மடத்துவெளியில் இன்றைக்கும் கதைக்கிறார்கள். அது பிழை. அவர் விளையாடப் போனவர்.