பூவின் தொண்டையில் நாலு ரோமம்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு பல்செட் கடையில். மாமியாரின் செட்டை வாங்கப் போயிருந்தேன். செய்கிற பெண்மணியின் மேசையில், பிளாஸ்டர் தாடைகளுக்கு நடுவே ஓர் இலை காய்ந்து கிடந்தது. "இது எதுக்கு?" என்று கேட்டது மட்டும்தான் என் வேலை. மீதி முழுக்க அவர் சொன்னது. (பூவின் பெயரையும் சொன்னார். எழுத மாட்டேன். எழுதினால் ஃபோனை எடுத்துத் தேடுவீர்கள், கதை பாதியில் நின்றுவிடும்.)

2

தொடக்கம், முதல் முயற்சி: 'பல்செட்காரம்மா அந்தப் பூவை முதலில் பார்த்தபோது மெல்லிய மழை பெய்து—'

பெய்யவில்லை. சுள்ளென்று வெயில். ரயில் பாதை ஓரச் சரிவில், முழங்கால் உயரத்தில், ஊதாவாகப் பூத்திருந்தது. இந்த மண்ணுக்கே உரிய காட்டுச்செடி. ஒருமுறை வேர் பிடித்தால் வருஷா வருஷம் தானே துளிர்க்கும். அந்தச் சரிவை வெட்டிச் சுவர் எழுப்பப் போவதாக அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். காய் முற்றும்வரை காத்திருந்து, விதைகளை உருவிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார்.

பார்வைக்கு இதே மாதிரி இன்னொரு செடி உண்டு. வெளியிலிருந்து வந்தது. பரவினால் பக்கத்தில் எதையும் வாழவிடாது. வித்தியாசம் இலை ஓரத்துப் பற்களில். நம் செடிக்குப் பல் மழுங்கி, நுனிப்பக்கம் சாய்ந்திருக்கும். மற்றதற்கு நேராக, கூராக. அவரிடம் இருந்த செடிகள் பற்றிய புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருந்தது.

"பல்லைப் பாத்தா எனக்குத் தெரியாதா" என்றார் கணவரிடம். இருபது வருஷமாகப் பல் செய்கிறவர். [இந்த நம்பிக்கை எனக்கும் பிடித்துப்போனது. இவரைச் சந்தேகப்பட மூன்று வரைவுகள் தேவைப்பட்டன.]

3

விதைத் தோல் கெட்டி. செட்டுக்கு மெருகேற்றும் உப்புத்தாளில் ஒவ்வொன்றையும் லேசாகத் தேய்த்து, ஊறவைத்து, மணல் கலந்த மண்ணில் தூவினார். முதல் வருஷம் வெறும் இலை. "கீரையா? சமைச்சிடலாமா?" என்று கேட்டார் கணவர். செடி வேரை இறக்கிக்கொண்டிருந்தது.

ஒன்பது தேறின. அத்தனையையும் நாத்தனாருக்குக் கொடுத்தார். நாத்தனார் ஒரு பள்ளியின் தலைமை ஆசிரியை. தம்பிக்குக் கல்யாணமான நாளிலிருந்து இவர் கையால் ஒரு டம்ளர் தண்ணீரைக்கூடக் குறை சொல்லாமல் குடித்ததில்லை. அப்பேர்ப்பட்டவர் பள்ளி வாசலிலேயே வரிசையாக நட்டு, "என் தம்பி பொண்டாட்டி வளத்தது" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னார்.

4

இரண்டாம் வருஷம் எட்டுச் செடிகள் பூத்தன. பல்செட்காரம்மா ஒரு பூவைப் பிளந்து பார்த்தார். நம் செடியென்றால் பூவின் தொண்டைக்குள் ரோமம் அடர்ந்திருக்க வேண்டும். இது வழவழவென்று இருந்தது. அடுத்த செடியிலும் அப்படித்தான். எட்டில் ஐந்து தப்பு. சரிவில் இரண்டும் கலந்தே வளர்ந்திருக்கின்றன. இலைப்பல்லை மட்டும் நம்பக்கூடாது, பல சமயம் இரண்டிலும் ஒன்றுபோலத்தான் இருக்கும் என்று புத்தகத்தில் அடிக்குறிப்பு இருந்தது. அவர் அடிக்குறிப்பைப் படிக்கவில்லை. (நீங்கள் அடைப்புக்குறிகளைத் தாண்டிப் போகிறவரா?)

இங்கே நான் எழுதிய முடிவு: விடுமுறை நாளில், யாருக்கும் தெரியாமல் ஐந்தையும் பிடுங்கிவிடுகிறார், ஆடு மேய்ந்ததாகப் பேச்சு. அவரிடமே வாசித்துக் காட்டினேன். "அப்படி நினைக்கலன்னு சொல்லமாட்டேன். ஆனா செய்யல" என்றார். அடித்துவிட்டேன்.

நடந்தது இது. சனிக்கிழமை மத்தியானம் பள்ளிக்குப் போனார்.

"அக்கா, இதுல அஞ்சு தப்புச் செடி. விதை விழறதுக்குள்ள பிடுங்கணும்."

நாத்தனார் கண்ணாடியைக் கழற்றினார். "ஊரையே கூப்பிட்டுக் காட்டியிருக்கேன்."

"தெரியும்க்கா."

"சொல்லாம பிடுங்கியிருந்தா எனக்குத் தெரிஞ்சேயிருக்காது."

"நல்ல செடின்னு நம்பி நீங்க நாலு பேருக்கு விதை குடுத்திருப்பீங்க. தப்பு என்னுது. அதையும் எல்லார்கிட்டயும் சொல்லிக்கோங்க."

நாத்தனார் கைப்பையை ஓரமாக வைத்துவிட்டு மண்ணில் உட்கார்ந்தார். "எதெதுன்னு காட்டு. வேரோட வரணுமா?"

"வேரோட. துண்டு தங்கினாலும் முளைச்சிடும்."

திங்கட்கிழமை காலைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் நாத்தனார் பிள்ளைகளிடம் சொன்னாராம்: "நாங்க தப்பா நட்டுட்டோம்."

"நாங்கன்னு சொன்னாங்க" என்றார் பல்செட்காரம்மா. கொஞ்சம் பொறுத்து மறுபடியும், "நாங்கன்னு."

5

இதோடு முடித்திருக்கலாம். ஆனால் ஒன்பதாவது செடி தாமதமாகப் பூத்தது. தொண்டைக்குள் நாலே நாலு ரோமம். இரண்டும் கலந்து பிறந்தது என்கிறார் பல்செட்காரம்மா, பிடுங்கத்தான் வேண்டும். "பாதியாவது நம்ம செடிதானே" என்கிறார் நாத்தனார், தொடவிடமாட்டார். தினமும் ஃபோனில் இதே வாக்குவாதம். இத்தனை வருஷத்தில் இவ்வளவு பேசியதில்லை.

நேற்று நானே போய்ப் பார்த்தேன். அழகான பூ. "எழுதறவங்கதானே, நீங்களே சொல்லுங்க" என்று நாத்தனார் களைக்கொத்தை என் கையில் வைத்துவிட்டார். எனக்குத் தெரியவில்லை. காய் முற்ற இன்னும் பத்து நாள் இருக்கிறது.

இந்தாருங்கள், பிடியுங்கள்.