சத்தம் இல்லாத கர்னல்

1996ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று இருபதுக்கு, பிரிக்பீல்ட்ஸ் ஜாலான் ஸ்காட் தெருவில் அழகம்மையின் கல்யாண அட்டைக் கடையில் சத்தம் நின்றுபோனது. கீழே கடை, மேலே வீடு, இரண்டிலும் நின்றது. வாசலுக்கு வெளியே மினிபஸ் ஹார்ன் அடித்தது, பூக்கடையில் வானொலி பாடியது. வாசற்படியைத் தாண்டி உள்ளே கால் வைத்தால் ஒன்றும் இல்லை. மின்விசிறி சுற்றியது, குக்கர் ஆவி விட்டது, பின்பக்கம் ரயில் போனபோது அலமாரிக் கண்ணாடிகள் நடுங்கின. எல்லாம் ஊமைப்படம் மாதிரி நடந்தன. அன்று மழை இல்லை என்பதும், தண்ணீர் விநியோகம் சீராக இருந்தது என்பதும் குறிப்பிடத்தக்கவை.

காரணத்தில் மர்மம் எதுவும் இல்லை. அழகம்மை கல்யாணத்துக்குப் பிறகும் எட்டு வருடம் சுங்கை வே தொழிற்சாலை ஒன்றில் சர்க்யூட் பலகைகளைச் சோதிக்கும் வேலை பார்த்தவர். எந்த மெஷினும் தேவைக்கு மேல் ஒரு நொடி எடுத்துக்கொண்டால் அவருக்குப் பொறுக்காது. கடையில் இருந்த 486 கம்ப்யூட்டரில் லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டு, தமிழ் எழுத்தில் அட்டைகளை அமைத்து வந்தார். ஒரு பக்கம் உருவாகப் பதினொரு நிமிடம் ஆனது. ஐப்பசி முகூர்த்தங்களுக்கான அட்டைகள் குவிந்து கிடந்தன. மெஷினுக்கும் மற்ற மென்பொருள்களுக்கும் நடுவில் உட்கார்ந்து எல்லாவற்றையும் நடத்துகிற மையப் பகுதிக்குக் கர்னல் என்று பெயர். ஊரில் உள்ள எல்லா வகைக் கம்ப்யூட்டருக்கும் பொருந்த வேண்டும் என்பதற்காக அது தேவையில்லாத மூட்டைகளையும் சுமக்கிறது, மூலநிரலிலிருந்து நாமே கட்டிக்கொண்டால் இலேசாகும் என்று ஒரு பத்திரிகையில் படித்தார். பத்திரிகையோடு வந்த குறுவட்டில் மூலநிரலும் இருந்தது.

அவருடைய கணவர் சின்னையா காப்புறுதி முகவர். பேச்சுதான் அவருக்குத் தொழில். சாப்பிடும்போதும் பேசுவார், தூக்கத்திலும் பாதி பாலிசியை விளக்குவார். மனைவி கர்னல் ஒன்றை உருவாக்கிக்கொண்டிருப்பதாக அவர் அக்கம்பக்கத்தில் சொல்லிவைத்ததில், பூக்கடை இராஜம்மா அது பட்டாளத்துக் கர்னல் என்று எடுத்துக்கொண்டு, அவர் சைவமா அசைவமா என்று விசாரித்தார்.

கர்னலைக் கட்டுவதற்கு முன் கம்ப்யூட்டர் வரிசையாகக் கேள்வி கேட்கும். இது வேண்டுமா, அது வேண்டுமா என்று நூற்றுக்கணக்கில். வேண்டுமென்றால் ‘ஒய்’, வேண்டாமென்றால் ‘என்’. அழகம்மை ஒரு காலைப் பொழுது முழுவதும் ‘என்’ தட்டினார். கணக்குப் போடத் தெரியாத சிப்புகளுக்குக் கணக்குப் போட்டுக் கொடுக்கும் பகுதி வேண்டுமா? வேண்டாம். மவுஸ் நான்கு வகை உண்டு, எதற்காவது ஆதரவு வேண்டுமா? நான்கும் வேண்டாம். சத்தம் வேண்டுமா? அழகம்மை திரும்பிப் பார்த்தார். சின்னையா தொலைபேசியில் யாருக்கோ விபத்துக் காப்புறுதியின் நன்மைகளை நாற்பதாவது நிமிடமாக விளக்கிக்கொண்டிருந்தார். அழகம்மை ‘என்’ தட்டினார்.

அது கட்டி முடிய, அதாவது கம்பைல் ஆக, இரண்டு மணி நேரம் பிடித்தது. புதிய கர்னல் பழையதில் பாதிதான் இருந்தது. மறுநாள் காலை, அதாவது மேற்சொன்ன செவ்வாய்க்கிழமை, அதை ஏற்றிக் கம்ப்யூட்டரை மறுபடி கிளப்பினார். சத்தம் நின்றது. அரைமணி நேரத்தில், அச்சு மெஷினுக்கு அடியில் குடியிருந்த எலிகள் நான்கு குடும்பங்களாகப் பிரிந்து, ஒன்றன்பின் ஒன்றாக வாசல் வழியே வெளியேறிச் சாலையைக் கடந்தன. அதற்குப் பிறகு அந்தக் கடைக்குள் யாராலும் மனக்கணக்குப் போட முடியவில்லை. சின்னையாவுக்கு நாற்பத்தாறு வயதா ஐம்பத்தாறா என்பதைத் தெரிந்துகொள்ள இருவரும் நடைபாதைக்கு வந்து கூட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. ஆனால் ஒரு பக்கம் நாற்பது விநாடியில் தயாரானது. அழகம்மைக்கு அதுவே போதும்.

பிரிக்பீல்ட்ஸ் இதைச் சீக்கிரமே பழகிக்கொண்டது. பல் முளைக்கிற குழந்தைகளைத் தூங்கவைக்கத் தாய்மார்கள் கொண்டுவந்தார்கள். தலைவலிக்காரர்கள் பத்து நிமிடம் நின்றுவிட்டுப் போனார்கள். கணவன் மனைவியாக வந்து சண்டை போட்டுப் பார்த்து, பலிக்காமல் சிரித்துக்கொண்டு வெளியே போனவர்களும் உண்டு. சின்னையா மட்டும் நாற்காலியையும் பாலிசி விண்ணப்ப பாரங்களையும் நடைபாதைக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அங்கே குரல் சரியாகவே வந்தது.

அவருக்கு இன்னொரு வேலையும் இருந்தது. அச்சுக்குப் போகும் ஒவ்வோர் அட்டையையும் அவர்தான் உரக்க வாசித்துப் பிழை பார்ப்பார். கண்ணால் அவருக்குப் பிழை பிடிக்கத் தெரியாது. காதில் விழ வேண்டும். முதல் அட்டையை வாங்க அவர் உள்ளே வந்து கை நீட்டியபோது, அழகம்மை ஒரு தாளில் எழுதிக் காட்டினார்: “இனி வாசிக்க வேண்டாம். நேரம் ஆகும்.” சின்னையா அந்தத் தாளை இரண்டு முறை படித்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே போனார். அன்று நடைபாதையிலும் அவர் அதிகம் பேசவில்லை என்று இராஜம்மா சொன்னார்.

ஆறு வாரத்தில் அழகம்மை எழுபது கல்யாணங்களுக்கு அட்டை அடித்தார். அவற்றில் ஒன்று, போர்ட் கிள்ளானில் லோரி வைத்திருந்த தம்புசாமியின் மகள் கல்யாணம். மண்டபம் கிள்ளானில். முந்தைய அட்டையை மாதிரியாக வைத்துப் பெயர்களை மாற்றிய அழகம்மை, மண்டபத்தை மாற்ற மறந்துவிட்டார். செராஸ் மண்டபத்தின் விலாசத்தோடு நானூறு அட்டைகள் போயின. தம்புசாமி வீட்டார் தங்கள் பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூடிவிட்டார்கள்.

கல்யாணத்தன்று காலை எட்டரை மணிக்கு, புதுச் சட்டை போட்டு நடைபாதையில் மனைவிக்காகக் காத்திருந்த சின்னையா, பழக்க தோஷத்தில் தங்களுக்கு வந்த அழைப்பு அட்டையை எடுத்து உரக்க வாசித்தார். கடைசி வரி காதில் விழுந்ததும் உள்ளே ஓடிக் கத்தினார். வாய் மட்டும் திறந்து மூடியது. கையால் மண்டபம் கட்டிக் காட்டினார், தாலி கட்டிக் காட்டினார், கிள்ளான் இருக்கும் திசையைக் காட்டினார். அழகம்மை அவர் புதுச் சட்டையைப் பற்றிக் கேட்பதாக நினைத்து, நன்றாக இருக்கிறது என்று தலையாட்டினார். சின்னையா அவர் மணிக்கட்டைப் பிடித்து வாசலுக்கு இழுத்துவந்தார்.

“...கிள்ளான்லதான்லா கல்யாணம். நீ செராஸ்னு போட்டிருக்க,” என்ற வாக்கியத்தின் பின்பாதி வாசற்படிக்கு வெளியே கேட்டது.

அழகம்மை அட்டையை வாங்கிப் பார்த்தார். “ஐயோ. நானூறு அட்டைங்க,” என்றார்.

மூலையில் இருந்த பொதுத் தொலைபேசியிலிருந்து கிள்ளான் மண்டபத்தைக் கூப்பிட்டார்கள். தம்புசாமியே எடுத்தார். “ஐயர் இருக்காரு, மேளம் இருக்கு, மாப்பிள்ளை வீட்டுல பன்னெண்டு பேரு இருக்காங்க. நம்ம ஆளுங்க ஒருத்தரும் வரலையே அண்ணே. எம்மேல எல்லாருக்கும் அவ்வளவு கோபமா?”

“உங்க மேல ஒண்ணும் இல்ல. தப்பு எங்களது,” என்றார் சின்னையா. “நாங்க செராஸ் போயி கூட்டியாறோம். முகூர்த்தத்த நிறுத்தாதீங்க.”

செராஸ் மண்டபத்திலும் அன்று ஒரு கல்யாணம் இருந்தது. பெண்ணும் பையனும் விரும்பிச் செய்துகொண்ட ஏற்பாடு என்பதால் இரு பக்கத்துச் சொந்தமும் முறுக்கிக்கொண்டு வரவில்லை. பெண்ணின் தகப்பனார் ரமணி காலியான நாற்காலிகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தபோது, பட்டுச்சேலையும் மொய்க்கவருமாக நானூறு பேர் உள்ளே வந்திருக்கிறார்கள். யாரையும் அவருக்குத் தெரியாது. ஒருவரையும் விடாமல் சந்தனம் கொடுத்து உட்காரவைத்தார். சின்னையாவும் அழகம்மையும் டாக்சியில் போய் இறங்கியபோது காலைப் பலகாரத்துக்கு இரண்டாம் பந்தி நடந்துகொண்டிருந்தது. சின்னையா ஒலிபெருக்கியைப் பிடித்து, ஆறு வாரமாக வீட்டுக்குள் சேர்ந்துபோன பேச்சையெல்லாம் சேர்த்து விஷயத்தைச் சொன்னார். பாதிப் பேர் கிள்ளானுக்குக் கிளம்பினார்கள். மீதிப் பேர், தாலி கட்டி முடியும்வரை எழுந்து போவது மரியாதை இல்லை என்று அங்கேயே இருந்துவிட்டார்கள்.

கிள்ளானில் தம்புசாமி அதற்குள் துறைமுகத்துக்கு ஆள் அனுப்பியிருந்தார். ஷிப்ட் முடிந்த கிரேன் ஓட்டுநர்களும் லோரிக்காரர்களும் தலைக்கவசத்தோடு வந்து, தலைக்கவசத்திலேயே அட்சதையை வாங்கிவைத்துக்கொண்டு, சரியான நேரத்தில் போட்டார்கள். செராஸ்காரர்கள் வந்து சேர்ந்தபோது பாயசம்தான் மிச்சம் இருந்தது. தம்புசாமி கோபித்துக்கொள்ளவில்லை. வாசலில் அறுபது லோரி நின்ற கல்யாணம் தன்னுடையதுதான் என்று அவர் வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுநாள் அழகம்மை கர்னலைப் புதிதாகக் கட்ட உட்கார்ந்தார். சத்தம் வேண்டுமா என்ற கேள்வி வந்ததும் எழுந்து நடைபாதைக்கு வந்தார்.

“முழுசா வச்சா உனக்கு ஸ்லோ ஆயிரும். எனக்குத் தெரியும்,” என்றார் சின்னையா, பாலிசி பாரத்திலிருந்து தலை நிமிராமல்.

“ஒய், என் இல்லாம ‘எம்’னு ஒண்ணு இருக்குங்க. அதப் போட்டா தனியா இருக்கும். வேணுங்கிறப்ப ஏத்திக்கலாம், வேணாங்கிறப்ப இறக்கிரலாம்.”

“நானா?”

“சத்தம்,” என்றார் அழகம்மை. “அட்டைய நீங்க வாசிங்க. நேரமானா ஆகட்டும்.”

சின்னையா நாற்காலியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். அழகம்மை ‘எம்’ தட்டினார்.

அன்று முதல் அந்தக் கடையில் சத்தம் என்பது ஒரு கட்டளை தட்டினால் வரும், இன்னொன்று தட்டினால் போகும். ரயிலும் குக்கரும் சத்தத்தை ஏற்றியிருக்கும்போது மட்டுமே கேட்கும். மின்சார மீட்டர் பார்க்க வருகிறவர் வாசலில் நின்று கையால் சைகை செய்வார். அழகம்மை ஏற்றிவிட்டுப் பேசுவார். சண்டை என்று வந்தால் இருவருமே விசைப்பலகைக்குப் போட்டியிட்டார்கள். வயது எவ்வளவு ஆனாலும் சின்னையாவே முந்தினார். 1997, 98, 99 என்று வருடங்கள் போயின, புதுக் கர்னல்கள் வந்தன. ஒவ்வொன்றிலும் அழகம்மை அந்த இடத்தில் ‘எம்’ என்றே தட்டினார். தினமும் மாலை நாலரைக்கு அட்டை வாசிக்கும் நேரம். வாசிக்க அட்டை எதுவும் இல்லாத நாட்களிலும் அழகம்மை அந்தக் கட்டளையைத் தட்டிவிட்டு, நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்காருவார். சின்னையா விபத்துக் காப்புறுதியைப் பற்றிப் பேசுவார்.