ஓட விட்டால்தான் தெரியும்

என் அக்காவின் கணவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். அவர் வேலை செய்யும் இடத்தில் அவருக்குப் பெயர் 'சரடு'. ஒரு சலவை நிறுவனத்தின் வேனில் ஓட்டல்களுக்குத் துவைத்த விரிப்புகளைக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு, அழுக்கு விரிப்புகளை அள்ளிக்கொண்டு வருவார். இருபத்திரண்டு வருடமாக இதே வேலை. வழியில் ஒரு பூனை குறுக்கே போனால், வீட்டுக்கு வருவதற்குள் அது சிறுத்தையாகியிருக்கும். சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் சிறுத்தை அவரை முறைத்தும் இருக்கும். நாங்கள் யாரும் மறுத்துப் பேசுவதில்லை. கதை நன்றாகத்தான் இருக்கும்.

அப்படிப்பட்டவர் ஒரு செவ்வாய்க்கிழமை பட்டப்பகலில், ரயில் பாலத்துக்குக் கீழே வேனைச் சட்டென்று திருப்பிச் சுவரில் மோதிவிட்டார். வேனின் மூக்கு நசுங்கியது. மாமாவுக்கு நெற்றியில் ஒரு வீக்கம், வேறு யாருக்கும் ஒன்றுமில்லை. ஏன் திருப்பினீர்கள் என்று கேட்டதற்கு அவர் சொன்னது இதுதான்: "ஒரு சின்னப் பொண்ணு குறுக்க ஓடுச்சு. பின்னாடியே அவங்கம்மா கைய நீட்டிக்கிட்டு ஓடிவந்தாங்க. அந்தப் பொண்ணு ஒரு கால்லதான் செருப்பு போட்டிருந்துச்சு."

கூட்டம் கூடியபோது அங்கே அம்மாவும் இல்லை, பெண்ணும் இல்லை.

"அந்த ஒத்தச் செருப்ப மட்டும் சொல்லாம இருந்திருக்கலாம்" என்றாள் அக்கா. "அதக் கேட்டுத்தான் எல்லாரும் சிரிச்சாங்களாம்."

வேனில் முன்கண்ணாடிக்குப் பக்கத்தில் கேமரா இருந்தது. ஆனால் வெளியே கொளுத்திய வெயிலுக்குத் தன்னைச் சரிசெய்துகொண்டிருந்த கேமராவுக்குப் பாலத்தடி நிழல் வெறும் தார். வெயில், பிறகு கருப்பு, பிறகு ஒரு குலுக்கல். மேலாளர் நாலு வரியில் ஒரு கடிதம் தட்டச்சு செய்து வைத்துவிட்டார். 'ஓட்டும்போது கண்ணயர்ந்துவிட்டேன்' என்று அதில் இருந்தது. கையெழுத்துப் போட்டால் வேலை தங்கும், ஆனால் இனி ஸ்டீயரிங்கைத் தொட முடியாது. ஓய்வு பெறும் வரை மடிப்புப் பிரிவில் நின்று விரிப்பு மடிக்க வேண்டும். போடாவிட்டால் அதுவும் இல்லை. வெள்ளிக்கிழமை மூன்று மணி வரை கெடு.

நான் கல்யாண வீடியோ எடிட் செய்கிறவள். என் கையைத் தாண்டிப் போகும் படத்தில் ஒரு பொட்டு அழுக்கு இருக்காது. அதில் எனக்குத் திமிர் உண்டு, மறைப்பானேன். அக்கா அந்த வீடியோவைக் கொண்டுவந்து கொடுத்தபோது, மாமா சரடு விட்டிருக்கிறார் என்றுதான் நானும் நினைத்தேன். அக்காவின் முகத்துக்காக உட்கார்ந்தேன்.

வெளிச்சமான பகுதியைத் தொடாமல் நிழலை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கினேன். தாருக்குள்ளிருந்து முதலில் ஒரு குழாய் வந்தது. பிறகு சுவர், சுவரில் கிழிந்த நோட்டீஸ்கள், தூண்கள். இரும்புச் சட்டத்தின் மேல் ஒரு புறா உட்கார்ந்திருந்தது. புறா. நான் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டேன். பதினாலு வருடமாக இதே தொழில், ஆனாலும் கருப்பு என்றால் காலி என்றே நினைத்து வந்திருக்கிறேன். கேமரா எல்லாவற்றையும் வாங்கி வைத்திருந்தது, நமக்குத்தான் காட்டவில்லை.

ஆனால் நிழலைத் தூக்கினால் கூடவே புள்ளிகளும் எழுந்து வரும். திரை முழுக்க எள்ளைக் கொட்டிக் கிளறியது போல இருந்தது. எனக்கு அது ஆகாது. புள்ளிகளை நீக்க எடிட்டிங்கில் எப்போதும் போடும் துடைப்பைப் போட்டேன். அந்தத் துடைப்பு செய்வது எளிமையான வேலை. ஒரு பிரேமை அதற்கு முன்னும் பின்னும் உள்ளவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கும். எல்லாவற்றிலும் இருப்பதை வைத்துக்கொள்ளும், ஒன்றில் மட்டும் தலைகாட்டுவதை அழுக்கென்று துடைத்துவிடும்.

படம் கண்ணாடி போல வந்தது. சுவர், குழாய், புறா. சாலையின் நடுவில் வெள்ளையாக ஏதோ ஒரு குப்பை. ஆள் யாரும் இல்லை.

வியாழக்கிழமை அக்காவுக்குப் போன் செய்து சொன்னேன். அவள் கையிலிருந்து மாமா போனை வாங்கினார்.

"சின்னவளே, நல்லா பாத்தியா?"

"பாத்தேன் மாமா. சுத்தமா இருக்கு."

"அப்ப நான் தூங்கித்தான் போயிட்டேன் போல" என்றார். "எனக்கே இப்ப சந்தேகமாத்தான் இருக்கு. நாலு பேரு சொன்னா சரியாத்தான் இருக்கும்."

சிறுத்தையை ஒருநாளும் விட்டுக்கொடுக்காத மனுஷர். அந்தக் குரல் எனக்குப் பிடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, காரணம் ஒன்றுமில்லாமல், துடைத்த படத்தை மறுபடியும் ஓடவிட்டேன். வேன் நிழலுக்குள் நுழைகிறது. முன்கண்ணாடியில் பொட்டென்று ஒரு தண்ணீர்த் துளி விழுந்து சிதறுகிறது. எனக்கு அந்தப் பாலத்தைத் தெரியும், வருடம் முழுக்க ஒழுகும். தலையில் ஒரு சொட்டு வாங்காமல் நான் அதைத் தாண்டியதே இல்லை. ஆனால் இந்தத் துளி விழுந்ததைத்தான் பார்த்தேன், வந்ததைப் பார்க்கவில்லை. பின்னால் தள்ளிப் பார்த்தேன். மேலேயிருந்து எதுவும் இறங்கவில்லை. திடீரென்று கண்ணாடியில் இருக்கிறது.

துளி வந்திருக்கிறது. வேகமாக வந்ததால் என் துடைப்பு அதை அழுக்கென்று எண்ணிவிட்டது. நின்றுகொண்டிருக்கும் சுவரை வைத்துக்கொண்டது, ஓடியதைத் துடைத்துவிட்டது. ஓடியது வேறு என்னென்ன?

துடைப்பை எடுத்தேன். மறுபடியும் எள். ஒவ்வொரு பிரேமாக நிறுத்தி, மூக்கு திரையில் இடிக்கப் பார்த்தேன். ஒன்றுமே தெரியவில்லை. ஒரு மணி நேரம் பார்த்தேன். கண் எரிந்தது. சலித்துப்போய்ச் சாய்ந்து உட்கார்ந்து, சும்மா ஓடவிட்டேன்.

ஒரு குழந்தை ஓடியது.

நிறுத்தினேன். வெறும் எள். ஓடவிட்டேன். தூணுக்குப் பின்னாலிருந்து ஒரு சின்ன உருவம், இரண்டு கையையும் வீசிக்கொண்டு ஓடியது. அதன் பின்னால் குனிந்த வாக்கில், கையை நீட்டிக்கொண்டு, ஒரு பெரிய உருவம். நிறுத்தினால் இருவரும் புள்ளிகளுக்குள் கரைந்துவிடுகிறார்கள். ஓடவிட்டால் புள்ளிகளில் ஒரு கூட்டம் மட்டும் சொல்லிவைத்தது போல ஒரே பக்கமாக நகர்கிறது, உடனே அது குழந்தையாகிவிடுகிறது. எந்தப் பிரேமிலும் அவர்கள் இல்லை. எல்லாப் பிரேமும் சேர்ந்து ஓடும்போது மட்டும் இருக்கிறார்கள். அறையில் யாருமில்லை, இருந்தாலும் எழுந்து நின்றுவிட்டேன்.

பிறகுதான் கீழே பார்த்தேன். குழந்தையின் காலடியில் வெளிறிய ஒரு புள்ளி வந்து வந்து போனது. ஒரு அடிக்கு இருந்தது, அடுத்த அடிக்கு இல்லை. குழந்தை ஓடிக்கொண்டிருந்தது, சாலை நடுவில் நான் குப்பை என்று தள்ளிய அந்த வெள்ளையை நோக்கி. கழன்று விழுந்த மற்றச் செருப்பு.

எண்ணிப் பார்த்தேன். தூணை விட்டுக் குழந்தை வெளியே வருவதற்கும் வேன் திரும்புவதற்கும் நடுவே பதினொரு பிரேம். அரை வினாடி கூட இல்லை. கண் கூசும் வெயிலிலிருந்து இருட்டுக்குள் நுழைந்த அந்த அரை வினாடிக்குள் மாமா குழந்தையைப் பார்த்திருக்கிறார், அம்மாவைப் பார்த்திருக்கிறார், செருப்பைப் பார்த்திருக்கிறார், கையையும் திருப்பிவிட்டார். எனக்கு, இத்தனை கருவிகளோடு, மூன்று நாள் ஆகியிருக்கிறது. அதிலும் நேற்று, இல்லை என்று சொல்லிவிட்டேன்.

அக்கா போனை எடுக்கவில்லை. மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். சலவை ஆலையின் அலுவலக அறைக்குள் நான் நுழைந்தபோது மணி மூன்றாக ஐந்து நிமிடம். மேலாளர் மேசைக்கு அந்தப் பக்கம், மாமா இந்தப் பக்கம், கையில் மூடி கழற்றிய பேனா. அக்கா அவர் பின்னால் நின்றிருந்தாள்.

"மாமா, போடாதீங்க" என்றேன். மூச்சு வாங்கியது. "நான்தான் தப்பா தொடச்சுட்டேன்."

யாருக்கும் புரியவில்லை. மேசையில் வைத்து ஓடவிட்டேன்.

மேலாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். பார்த்தார். "அங்க நிறுத்துங்க. ஒரு பிரிண்ட் எடுத்து ஃபைல்ல வைக்கணும்."

நிறுத்தினேன்.

"எங்க போச்சு?"

"நிறுத்தினா போயிடும் சார். ஓட விட்டாதான் தெரியும்."

"என்னம்மா வெளையாடறீங்களா?" என்றவர் மறுபடி ஓடவிட்டதும் இன்னும் கிட்டக் குனிந்தார். மூன்றாவது முறை ஓடும்போது நான் குழந்தையின் கால் பக்கம் விரலைக் காட்டினேன். புள்ளி வந்தது, போனது, வந்தது.

அவர் ஃபைலைத் திறந்தார். செவ்வாய்க்கிழமை மாமா எழுதிக்கொடுத்த வாக்குமூலம் மேலேயே இருந்தது. 'ஒரு காலில்தான் செருப்பு' என்ற வரிக்குக் கீழே சிவப்பு மையில் கோடு போட்டு, ஓரத்தில் 'கதை' என்று எழுதியிருந்தார். அந்த வார்த்தையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அதே சிவப்புப் பேனாவால் அதை அடித்தார். தட்டச்சு செய்த கடிதத்தை மாமாவின் கைக்கு அடியிலிருந்து மெதுவாக உருவி நாலாகக் கிழித்தார்.

மாமா அதைக் கவனிக்கவே இல்லை. அவர் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பேனா இன்னும் கையிலேயே இருந்தது.

"இருந்துச்சு" என்றார். "நெசமாவே இருந்துச்சு. இந்த மூணு நாளா நானே இல்லேன்னு நெனைக்க ஆரம்பிச்சுட்டேன்." அக்கா அவர் தோளில் கை வைத்தாள். அவள் கண்ணில் தண்ணீர், எனக்கும்தான். "இன்னொரு தடவ போடு, சின்னவளே. கடைசியில அந்தம்மா புடிச்சிட்டாங்களான்னு பாக்கணும். நான் அதுக்குள்ள சுவத்துக்குத் திரும்பிட்டேன்."

போட்டேன். குழந்தை ஓடியது, கை நீண்டது. படம் சுவர் பக்கம் திரும்புவதற்குச் சற்று முன்னால் இரண்டு உருவமும் ஒன்றாகச் சேர்ந்தன.

"புடிச்சிட்டாங்க" என்றார் மேலாளர்.

மறுபடியும் போட்டோம். நால்வரும் தலைகள் முட்டிக்கொள்ளும்படி குனிந்து பார்த்தோம். நிறுத்தச் சொல்லி யாரும் கேட்கவில்லை.