அடித்த வரி

...இவளை எனக்கு மூன்று வருடமாகத் தெரியும் என்று தொடங்கலாம், அது பொய்யில்லை, ஆனால் தெரியும் என்றால் என்ன தெரியும், எட்டு மணிக்கு வருவாள், நாலரைக்குப் போவாள், அடித்துக் கொடுத்த காகிதத்தில் பிழை இருக்காது, துரைக்குத் தெரிந்தது அவ்வளவுதானே... தேயிலைத் தோட்டத்து ஆபீஸில் பெற்றீசியா டைப்ரைட்டர் மேல் விரல்களை வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள். காலையில் தயங்கித் தயங்கித் தோட்டத் துரையின் மேசை முன்னால் போய் நின்று, கோயம்புத்தூரில் ஒரு கல்லூரி, வணிக நிர்வாகத்தில் முதுகலைப் படிப்பு, அதிலும் தேயிலை காப்பித் தோட்டங்களுக்கென்றே தனியாக, இந்த அறுபத்தைந்தாம் வருடம்தான் ஆரம்பம், பதினெட்டே இடம், வேலை கொடுத்தவரிடமிருந்து ஒரு நற்சான்றுக் கடிதம் கேட்கிறார்கள் என்று அவள் சொல்லி முடித்தபோது, அவர் பைப்பை வாயிலிருந்து எடுக்காமலே, "நீயே அடிச்சுக் கொண்டு வா, நான் சைன் வைக்கிறேன்" என்று தமிழில் சொல்லிவிட்டார். துரை ஆங்கிலத்தில் பேசினால் அது பேச்சு, தமிழில் பேசினால் உத்தரவு, அதற்கு மேல் அங்கே நிற்க முடியாது. இப்போது மணி ஒன்று, துரை பங்களாவுக்குச் சாப்பிடப் போயிருக்கிறார், இரண்டரைக்குத் திரும்பி வருவார், மூன்று மணிக்குச் செல்லசாமி தபால் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நோர்வூட் தபாலாபீசுக்கு இறங்கிவிடுவார், இன்றைய பையில் போகாவிட்டால் கடைசித் தேதிக்குள் கடல் தாண்டாது. கடிதத்தில் 'நான்' என்றால் துரை, 'இவள்' என்றால் தான், இதில் குழம்பாமல் அரைப் பக்கம் எழுத வேண்டும், அவ்வளவுதான், பிறகு ஏன் கை ஓடமாட்டேன் என்கிறது?

எத்தனை பேருக்கு இதே கடிதத்தை அடித்திருக்கிறாள், பங்களாச் சமையற்காரருக்கு, லொறி ஓட்டியவருக்கு, இங்கிலாந்துக்குப் போன துரைசானி விட்டுவிட்டுப் போன ஆயா ராக்காயிக்கு, எல்லோருக்கும் அதே நாலு வார்த்தை, நேர்மையானவர், குடிக்காதவர், சுத்தமானவர், கீழ்ப்படிபவர்... தனக்கு அவற்றில் எதைப் போடுவது, குடிக்காதவள் என்றா, சிரிப்பு வந்தது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மூன்று வருடம் பொருளாதாரம் படித்தவள் என்று போடலாம், படித்து முடித்து வந்தபின் அரசாங்க வேலை எதற்கு மனுப்போட்டாலும் பாட்டன் காலத்தில் இந்தியாவிலிருந்து வந்த குடும்பம், இலங்கைப் பிரஜை இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள் என்று போட முடியாது, அதனால்தான் அம்மா கொழுந்து பறிக்கிற தோட்டத்திலேயே டைப்பிஸ்டாக உட்கார்ந்திருக்கிறாள் என்றும் போட முடியாது. கல்லூரியின் விவரப் புத்தகம் இழுப்பறைக்குள் இருக்கிறது, எடுத்துப் பார்க்கத் தேவையில்லை, பக்கம் பக்கமாக மனப்பாடம், ஏலச் சந்தை, விலை நிர்ணயம், கப்பல் வாணிபம், தொழிலாளர் உறவு... தொழிலாளர் உறவுக்கு நூறு மதிப்பெண், மூன்று மணி நேரப் பரீட்சை, அம்மாவைப் பற்றி அங்கே என்ன கேள்வி கேட்பார்கள்? வாசிகசாலை இரவு ஒன்பது மணி வரை திறந்திருக்குமாம், அந்த ஒரு வரியை நினைத்தாலே நெஞ்சு கிடந்து தவிக்கிறது, நீள மேசை, தலைக்கு மேலே விளக்கு, எழுந்து போ என்று யாரும் சொல்லாத ஒரு நாற்காலி...

இந்த ஆசை எங்கே பிடித்தது என்று கேட்டால் அவளுக்கு இடம் தெரியும். பத்து வயதிருக்கும், அப்பா கஸ்பர் அப்போது ஃபெக்டரியில் தேயிலைத் தூள் காயவைக்கிற அடுப்புப் பக்கம் வேலை, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கூட்டிக்கொண்டு போனார், உள்ளே தேயிலைச் சாயம் ஊற்றிய வெள்ளைக் கோப்பைகள் வரிசையாக, கொழும்பிலிருந்து வந்த ஒரு வெள்ளைக்காரர் ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி உறிஞ்சி, வாய்க்குள் உருட்டி, துப்பிவிட்டு, நோட்டில் ஒரே ஒரு வார்த்தை எழுதினார். ஏன்ப்பா துப்புறாரு, நல்லா இல்லையா? "சத்தம் போடாத தாயி, அவரு நாக்குலதான் நம்ம சோறு இருக்கு" என்றார் அப்பா. அந்த வார்த்தை என்ன என்பதைத் தெரிந்துகொள்ளாமல் அன்று அவளுக்குத் தூக்கம் வரவில்லை, அம்மா மழையில் நனைந்து பறித்ததை ஒருவன் ஒரே வார்த்தையில் எப்படி எழுதுவான், அந்த வார்த்தை எந்த ஊருக்குப் போகும், அங்கே யார் அதைப் படித்து யாரிடம் என்ன சொல்வார்கள்... அப்பா செத்து ஏழு வருடமாகிவிட்டது, கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது. டைப்ரைட்டரில் காகிதத்தைச் செருகி ஒரு வரி அடித்தாள், கேள்வி கேட்கத் தெரிந்தவள். துரைக்கு இது பிடிக்குமா? பிடிக்காவிட்டால் அவரே அடித்துவிடட்டும்.

"என்ன பிள்ளை, இன்னும் சாப்பிடேல்லையோ?" ஆபீசின் தலைமைக் குமாஸ்தா, பெரிய கிளாக்கர் முத்துலிங்கம் கை கழுவிவிட்டு வந்து எட்டிப் பார்த்தார், யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனிதர், மேசையில் கிடந்த விண்ணப்பப் படிவத்தின் ஏழாவது கேள்வியில் அவர் கண் நின்றது. எந்த நாட்டுப் பிரஜை? பென்சிலால் எழுதி அழித்து எழுதி அழித்து அந்த இடம் மட்டும் சாம்பல் நிறமாகிவிட்டது. "சிலோன் எண்டு எழுதிவிடுமன், ஆர் பாக்கப்போயினம்?" அவருக்கென்ன, அவர் பிரஜை, எழுதிவிடலாம். போன ஐப்பசியில் இந்தியா, இலங்கை இரண்டு நாட்டுப் பிரதமர்களும் டில்லியில் உட்கார்ந்து தோட்டத்து ஆட்களில் இத்தனை லட்சம் பேர் அங்கே, இத்தனை லட்சம் பேர் இங்கே என்று கையெழுத்துப் போட்டதிலிருந்து லயத்து வீடுகளில் வேறு பேச்சே இல்லை, பைப்படியில் குடம் வைத்தாலும் அங்கயா இங்கயா, கோயிலில் முட்டிபோட்டாலும் அங்கயா இங்கயா. கண்டியில் இந்தியத் தூதரக அலுவலகத்தில் விசா விசாரிக்கப் போனபோது ஒருவர் மெல்லச் சொன்னார், "போறது லேசும்மா, இந்தியக் காயிதத்துல போனா போனவங்க கணக்குல சேத்துருவாங்க, திரும்பி வர்றதுதான்..." என்று முடிக்காமல் நிறுத்தினார். அதை அம்மாவிடம் வந்து சொன்னபோது அம்மா கொழுந்து பறிக்கையில் இடுப்பில் கட்டுகிற படங்குச் சாக்கை உதறிக் கொடியில் போட்டுவிட்டு, "நீ போ தாயி, ஒன்னப் புடிச்சு வைக்க நான் யாரு" என்றாள், அவ்வளவுதான், அழவில்லை, ரொட்டிக்கு மாவு பிசைய உட்கார்ந்துவிட்டாள். இரண்டு வருடம் படித்துவிட்டு இந்த மலைக்கே வரவேண்டும், இதே ஆபீசுக்குள் டைப்ரைட்டர் இல்லாத ஒரு மேசைக்கு, இதைத்தான் கேட்கிறாள், இது பெரிய ஆசையா? பேனாவை எடுத்து மையாலேயே எழுதினாள், பிறப்பால் இலங்கை. அவளைப் பிரஜை என்று எந்தக் காகிதமும் சொல்லவில்லை, மை காயும் வரை ஊதினாள்.

பிறகு கடிதம் ஓடியது. துரை மூச்சுவிடுகிற இடம், கமா போடுகிற இடம் எல்லாம் அவளுக்குத் தெரியும், மூன்று வருடமாக அவர் வாயிலிருந்து வந்ததை அடித்த விரல்கள், கணக்கில் கெட்டிக்காரி, அவசரத்திலும் நிதானம் தவறாதவள், தொழிலாளரின் மொழியும் நிர்வாகத்தின் மொழியும் அறிந்தவள்... கடைசிக்கு வந்ததும் அவள் யோசிக்கவில்லை, விரல்கள் தாமாக ஒரு வரி அடித்தன, இவளை இழக்க நேர்ந்தால் நான் மிகவும் வருந்துவேன். அடித்துவிட்டுத் திரும்பத் திரும்ப வாசித்தாள், இங்கே 'நான்' என்றால் துரை என்பது ஒரு கணம் மறந்துபோய் காது சூடாகிவிட்டது, வேறு எவருக்கு அடித்த கடிதத்திலும் இந்த வரி இருந்ததில்லை, எடுத்துவிடலாமா... வேண்டாம், இருக்கட்டும், அவர் படிக்கவா போகிறார்.

துரை படித்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரிவரியாக, நிதானமாக, கேள்வி கேட்கத் தெரிந்தவள் என்ற இடத்தில் லேசாகச் சிரித்துக்கூட வைத்தார், கடைசி வரியில் மட்டும் பேனாவை எடுத்து நேராக ஒரு கோடு போட்டார். அவளை நிமிர்ந்து பார்த்து ஆங்கிலத்தில், உண்மையான பரிவோடு சொன்னார், இதை வைத்தால் நான் உன்னை விட மனமில்லாமல் இருக்கிறேன் என்று நினைப்பார்கள், உனக்கு இடம் கொடுக்க யோசிப்பார்கள், இவள் போவதில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை என்று போடு, அதுதான் உனக்கு நல்லது. எஸ் சார். அவர் சொன்னது சரி, நூற்றுக்கு நூறு சரி, முழுக் கடிதத்தையும் மறுபடி அடிக்கும்போது அவளே அதை ஒப்புக்கொண்டாள், ஆட்சேபமில்லை, ஆட்சேபமில்லை, அந்தச் சொல்லை அடிக்கும்போதுதான் மூன்று வருடத்தில் முதல் முறையாக ஒரு எழுத்து மாறி விழுந்தது, அழித்துச் சரிசெய்தாள். கையெழுத்து விழுந்தது, கடித உறை ஒட்டியாயிற்று, செல்லசாமி பையின் வாயைக் கட்டி, "என்னா தாயி, சீமைக்கா?" என்று கேட்டுக்கொண்டே படியிறங்கிப் போனார்.

நாலு மணிக்குக் கொழுந்து நிறுக்கப் பெண்கள் கூடையோடு வரிசை கட்டினார்கள், ஆபீஸ் ஜன்னலிலிருந்து கூப்பிட்டால் கேட்கிற தூரம். அம்மா தராசிலிருந்து கூடையை எடுத்துக்கொண்டு ஜன்னலண்டை வந்தாள், நனைந்த தலைத்துண்டு, விரல் நுனியெல்லாம் கறை.

"போயிருச்சா தாயி?"

"போயிருச்சும்மா."

"நல்லதாப் போச்சு" என்றாள் அம்மா, முகத்தில் நிஜமான சந்தோஷம், ஒரு குறையும் சொல்ல முடியாத சந்தோஷம், கூடைக் கயிற்றை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு லயத்துப் பக்கம் திரும்பி நடந்தாள். போகட்டும் என்று நாடு சொல்கிறது, ஆட்சேபமில்லை என்று துரை சொல்கிறார், நீ போ என்று அம்மா சொல்கிறாள், எல்லோரும் ஒரே வார்த்தை, எல்லோரும் நல்லதுக்குத்தான், அவள் கேட்டதும் அதைத்தானே, பிறகு இது என்ன... ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். இழக்க நேர்ந்தால் வருந்துவேன் என்று விரல்கள் அடித்தபோது அந்த 'நான்' துரையாக இருக்கவில்லை, அப்படியென்றால் யார், யார் வாயிலிருந்து கேட்பதற்காக... அம்மா வளைவில் திரும்பப் போகிறாள், கூப்பிட்டால் இப்போதும் கேட்கும்.