கொடி பிடித்த கை

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அந்த வீட்டுப் பூசணிக்கொடி சமையலறை ஜன்னல் வழியாக உள்ளே வந்து, பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த அம்மாவின் வலது மணிக்கட்டைச் சுற்றிப் பிடித்துக்கொண்டது. பால் திரிந்துபோவதைப்போல, எந்த வீட்டிலும் நடக்கக்கூடிய ஒரு தொல்லையாகத்தான் எல்லோரும் முதலில் அதை எடுத்துக்கொண்டார்கள். மூத்த மகள் பெரியவளுக்கு மட்டும் கோபம் வந்தது. அன்றைக்கு அவள் ஜெயித்திருக்க வேண்டியது.

விளையாட்டு அவர்களே உண்டாக்கியது. வாடகை வீட்டின் பின்பக்கம், சுவருக்கும் வாய்க்காலுக்கும் நடுவே ஒரு பாய் அகலத்துக்கு மண் இருந்தது. அச்சகத்தில் புத்தகம் தைக்கும் அப்பா விடுமுறை நாளில் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு அதைக் கொத்துவார். பெரியவளும் சின்னவளும் கல் பொறுக்குவார்கள். பூசணி படரத் தொடங்கியதும், சாயங்காலம் ஆளுக்கொரு குச்சியைக் கொடியின் நுனிக்கு எதிரே நடுவது வழக்கமாயிற்று. அப்பாவின் குச்சியில் தையல் நூல், பெரியவள் குச்சியில் தீர்ந்த பேனாவின் மூடி, சின்னவள் குச்சியில் ரிப்பன். விடிந்ததும் கொடி யாருடைய குச்சியைப் பிடித்திருக்கிறதோ, அவருக்கு அன்று வீட்டு வேலை கிடையாது. அப்பா கொடியிடம் குனிந்து ரகசியம் பேசுவார். சின்னவள் குச்சியில் சர்க்கரைத் தண்ணீர் தடவி மாட்டிக்கொள்வாள். சிரிப்பு தெருமுனை வரைக்கும் கேட்கும். வேறு சொத்து இல்லாத அந்த வீட்டில் அது பெரிய சந்தோஷம்தான், பொய்யில்லை.

யாருக்கும் உறைக்காத விஷயம் ஒன்றுதான். ஜெயித்தவர் வேலை செய்யவில்லை, தோற்றவர்களும் செய்யவில்லை. துணி ஆலையில் நாள் முழுக்க நின்றபடி பிசிறு வெட்டிவிட்டு வந்த அம்மாதான் எல்லாவற்றையும் செய்தாள். அவளுக்குக் குச்சி கிடையாது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "இன்னிக்கு யாருடி ராஜா?" என்று கேட்பாள், பதில் வருவதற்குள் குழாயைத் திறந்துவிடுவாள். இத்தனைக்கும் பெரியவள் அந்தப் பரம்பரையிலேயே முதல் பட்டதாரி. பெண்களின் உழைப்பைப் பற்றிக் கல்லூரி மேடையில் தொண்டை கிழியப் பேசிப் பரிசு வாங்கியவள். பரிசாக வந்த எவர்சில்வர் டம்ளரையும் அம்மாதான் துலக்கினாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அப்பா அச்சகக் கத்தரிக்கோலை எடுத்து வந்தார். "நகரு, ஒரே வெட்டு."

"வெட்டாதீங்க," என்றாள் அம்மா. "முதல் தடவையா ஜெயிச்சிருக்கேன்."

"நீ எங்க ஆடுன?" என்று சின்னவள் கேட்டாள்.

"கையைப் பிடிச்சிருக்கே, தெரியல?"

அம்மா ஆலைக்குப் போகவில்லை. ஜன்னலோரம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, இடது கையால் காபி குடித்தாள். தொட்டியில் பாத்திரம் குவிந்தது. மத்தியானம் அடிப்பிடித்த குக்கரும் அதில் சேர்ந்தது. பெரியவள் முதலில் அப்பாவைத் திட்டினாள், அப்புறம் ஆலையை, அப்புறம் சமுதாயத்தை. திட்ட ஆள் தீர்ந்ததும் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். தொட்டியின் கழிவுநீர்க் குழாய் நேராகக் கொடியின் வேரில் போய்த் திறந்திருந்தது. இத்தனை மாதமாகக் கொடி குடித்ததெல்லாம் அம்மா கழுவி ஊற்றிய தண்ணீர். யார் வேலை செய்கிறார்கள் என்பது அதற்குத் தெரிந்திருந்தது. பெரியவள் பாத்திரம் துலக்கும் நாரை எடுத்தாள்.

"சாம்பிராணி மாதிரி நிக்காதீங்கப்பா, இந்தக் குக்கரைப் பிடிங்க."

கடைசிக் கரண்டியும் கழுவிக் கவிழ்த்த பிறகுதான் கொடி கையை விட்டது. மறுநாளும் வந்து பிடித்தது. அப்பா ஒரு வாணலியைக் கட்டிலுக்கடியில் ஒளித்துப் பார்த்த நாளில், வாணலி வெளியே வரும்வரை அது பிடியைத் தளர்த்தவில்லை.

அதற்குப் பிறகு பல வருடம் அப்படித்தான் போயிற்று. எங்கேயும் கேள்விப்படாதபடி அந்தப் பூசணி கோடையிலும் காயவில்லை. குச்சிகளைத் திரும்பியும் பார்க்காமல் தினமும் ஜன்னல் ஏறி வந்தது. ஆலையில் மேஸ்திரி தாமதத்துக்குக் காரணம் கேட்டார், அம்மா சொன்னாள், அவர் அவளை இரண்டாம் ஷிப்டுக்கு மாற்றிக் கொடுத்தார். வீட்டுக்காரர் ஜன்னலுக்குக் கம்பி போட வந்தவர், கொடி நுழைய ஒரு சந்து விட்டுப் போட்டார். அப்பாவுக்குத் துலக்குவது கைவந்தது. அடிப்பிடித்த பாத்திரத்துக்கு யோசனை கேட்டு அக்கம்பக்கத்தார் அவரிடம் வந்தார்கள். பெரியவள் வேலை கிடைத்து வெளியூர் போனாள். விடுமுறையில் வந்தால் துவைக்கும் துணியைத் தானே தூக்கிக்கொண்டு போனாள்.

அப்படி வந்திருந்த ஒரு சாயங்காலம் அவள் புதிதாக ஒரு குச்சி சீவி அம்மாவிடம் நீட்டினாள். "எல்லாரையும் மாதிரி நீயும் நடும்மா."

அம்மா அதில் ஆலையின் பிசிறு நூலைக் கட்டினாள். இடம் பார்த்து, மாற்றி, மறுபடியும் மாற்றி நட்டாள். விடிந்தபோது ஜன்னலில் கொடி இல்லை. தோட்டத்தில் அது அப்பாவின் குச்சியைப் பிடித்திருந்தது.

"நான் உறங்கினப்புறம் கொடிகிட்ட போய்ப் பேசியிருக்கீங்க! இது கள்ளாட்டம்!" அம்மா இடுப்பில் கை வைத்துச் சண்டை பிடித்தாள்.

"தோத்தா ஒத்துக்கணும்," என்றார் அப்பா, காலை நீட்டி உட்கார்ந்து.

"நாளைக்குப் பாக்கறேன் உங்களை," என்று சொல்லிவிட்டு, பெண்கள் இருவரையும் உதவிக்கு அழைத்துக்கொண்டு அவள் தொட்டிக்குப் போனாள். தண்ணீர் குழாய் வழியே வேருக்கு இறங்கியது. அதன் பிறகு கொடி ஜன்னல் ஏறி வரவில்லை. கம்பியில் விட்ட சந்து மட்டும் அப்படியே இருக்கிறது.