இரண்டு எண்கள் உள்ள கார்டு

1.

இந்தக் கதை ஒரு விசிட்டிங் கார்டிலிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். என் மாடிக் கூரை ஒழுகியது. தார்ப்பாய் எங்கே தைப்பார்கள் என்று திருவொற்றியூர் டீக்கடை ஒன்றில் விசாரித்தேன். கடைக்காரர் ஒரு கார்டைக் கொடுத்தார். முன்னால் அச்சடித்த பெயர், ஒரு பெண்ணுடையது. பின்னால் பேனாவால் எழுதிய இன்னொரு கடையின் எண். அதுவும் தார்ப்பாய்க் கடைதான். போட்டிக்கடையின் எண்ணைத் தன் கார்டிலேயே தருபவர் என்ன வியாபாரம் செய்கிறார் என்று யோசித்ததில் கூரை மறந்துபோனது.

2.

முதல் தொடக்கம்: துறைமுகத்தின் உப்புக் காற்றில் ஃப்ளோரன்ஸின் தையல் இயந்திரம்...

வேண்டாம். உப்புக் காற்று இல்லாமல் வடசென்னையைப் பற்றி எழுதக்கூடாது என்று யாரோ எங்களுக்குச் சட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள்.

நேராகவே சொல்கிறேன். ஃப்ளோரன்ஸ் லாரிகளுக்குத் தார்ப்பாய் தைக்கிறாள். எண்ணூர் போகும் சாலையில் இரண்டு கிலோமீட்டர் தள்ளி தேசப்பனுக்கும் அதே தொழில், ஆனால் அவர் கெட்டிக்காரர் படகு உறைகளில்தான். படகுக்காரர் வந்தால் இவள் அங்கே அனுப்புவாள், லாரிக்காரர் வந்தால் அவர் இங்கே. வேலை குவிந்தால் பாதியை மற்றவர் தைத்துக் கொடுப்பார். அவர் கார்டின் பின்னால் இவள் எண், இவள் கார்டின் பின்னால் அவர் எண். பதினோரு வருடமாக இப்படித்தான். (மீனவக் குடும்பத்து மனிதரும் ராயபுரத்துக் கத்தோலிக்கப் பெண்ணும்... இந்த வாக்கியத்தை முடித்தால் சுதந்திர தின உரையாகிவிடும். விட்டுவிடுகிறேன்.)

3.

பேட்டரி விற்கும் லியோனார்ட் அவளை ஒரு வியாபாரிகள் சங்கத்தில் சேர்த்துவிட்டார். புதன்தோறும் காலை ஏழு மணிக்கு ஓட்டல் ஹால், ஆளுக்கு ஒரு நிமிடப் பேச்சு, பிறகு பொங்கல் வடை. உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர் வேலை பிடித்துத் தர வேண்டும். ஒரு தொழிலுக்கு ஒரே ஆள் என்பது விதி.

அதைப் படித்தபோது அவளுக்குத் தேசப்பனின் நினைவு வந்தது. வரவில்லை என்று எழுதினால் எனக்கு வசதி, ஆனால் வந்தது. கையெழுத்துப் போட்டாள். சங்க முத்திரையோடு பளபளவென்று புதுக் கார்டுகள் அடித்துக் கொடுத்தார்கள். [அவள்மேல் இரக்கம் வர ஒரு நோயாளிக் கணவரைச் சேர்த்துப் பார்த்தேன். நீக்கிவிட்டேன். தொழில் வளர வேண்டுமென்று ஆசைப்பட வீட்டில் நோய் எதற்கு?]

மூன்றாம் புதனன்று கன்டெய்னர் யார்டு மேலாளர் மேத்யூ இருநூறு தார்ப்பாய் கேட்டார், மழைக்கு முன்னால். சரி என்று சொல்லிவிட்டாள். தேசப்பன் பாதி தைக்காமல் அது நடக்காது.

4.

மறுநாள் தேசப்பனே அவள் கடைக்கு வந்தார்.

"இன்னாமே, பிஸியா கீறியா?"

"வாண்ணா, குந்து."

"புதன்கெழம ஓட்டல்ல மீட்டிங் போட்றானுங்கல்ல, நானும் சேரலாம்னு போய்க் கேட்டேன். தார்ப்பாய்க்கு ஏற்கெனவே ஆள் கீதுன்ட்டானுங்க."

"யாராம்?"

ஏன் அப்படிக் கேட்டாள் என்று எனக்குத் தெரியாது. நான் எழுதி வைத்திருந்த வசனம் "நான்தாண்ணா" என்பது.

"பேரு சொல்ல மாட்டானுங்களாம். இந்த ரோட்ல நம்ம ரெண்டு பேர வுட்டா எவன் கீறான்? புழல் பக்கத்து ஆளா இருப்பான், வுடு. எங்கிட்ட இருந்த உன் கார்டு தீந்துபோச்சு, ஒரு கட்டு குடு. லாரிக்காரனுங்க வந்துகினே கீறானுங்க."

பழைய கார்டு ஒன்றுகூட மிச்சமில்லை. மேசை டிராயரில் இருப்பவை எல்லாம் சங்க முத்திரை போட்ட புதியவை. அவள் கை டிராயரின் பிடியில் நின்றது. தன்னையே அவளுக்குப் பிடிக்கவில்லை.

5.

முடிவு அ: கார்டு தீர்ந்துபோய்விட்டது என்கிறாள். அவர் போகிறார். இருநூறையும் தனியாகத் தைக்க உட்கார்ந்து...

முடிவு ஆ: சங்கத்தில் இருப்பது தான்தான் என்று சொல்லிவிடுகிறாள். அவர் சிரிக்கிறார். (சிரிக்க மாட்டார். நீக்கம்.)

முடிவு இ-யை எழுதுமுன் கார்டை மறுபடி பார்த்தேன். இத்தனை நாள் கவனிக்காதது ஒன்று: மூலையில் சங்க முத்திரை இருக்கிறது. இது புதுக் கார்டு. பின்பக்கப் பளபளப்பில் பேனா பிடிக்காமல் வழுக்கியிருக்கிறது. அதே எண்ணை அதன்மேலேயே அழுத்தி, இரண்டாவது முறையும் எழுதியிருக்கிறார்கள். தேசப்பன் எதிரிலேயே எழுதினாளா, அவர் எழுந்து போன பிறகா என்று கார்டு சொல்லவில்லை.

டீக்கடைக்காரரிடம் போய்க் கேட்டேன்.

"ரெண்டு பேரும் இங்கதான் சார் டீ குடிப்பாங்க. முன்னாடி ஒண்ணா வருவாங்க. இப்ப தனித்தனியா வராங்க."

கூரை இன்னும் ஒழுகுகிறது. இரண்டு எண்களில் எதை அழைக்கட்டும் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.